ரஜூலா கப்பலில் நம் முன்னோர்க்குக் கிடைத்த இடம்



கப்பல் என்றவுடன் நம் பிள்ளைகளின் நினைவுக்கு முதலில் வருவது டைட்டானிக்தான். 1912ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் அட்லாண்டிக் பெருங்கடலில் மூழ்கிய அக்கப்பலைப் பற்றி எத்தனையோ நூல்களும் திரைப்படங்களும் வந்துவிட்டன. ஆனால் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், நாகப்பட்டினம், இராமநாதபுரம் வட்டாரங்களில் வாழும் நம் குடும்பங்களின் வரலாற்றோடு பின்னிப் பிணைந்த கப்பல் வேறொன்று உண்டு. அதன் பெயர் ரஜூலா. பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பிழைப்புத் தேடிச் சென்ற நம் பாட்டன்மார் பலர் ஏறிச் சென்றதும், பெட்டி படுக்கையோடு திரும்பி வந்ததும் அக்கப்பலில்தான். திருச்சியிலிருந்து நாகப்பட்டினத்துக்கு 1860களிலேயே இரயில் பாதை அமைந்துவிட்டது. அங்கே கப்பல் கரையை அணைவதில்லை. கடலில் நங்கூரமிட்டு நிற்கும். பயணிகள் படகில் சென்று, அலையில் ஆடிக்கொண்டே ஏணி பற்றி ஏற வேண்டும்.

இக்கப்பலை யார் கட்டினர்? எவ்வாறு கட்டினர்? யாரை மனத்தில் வைத்துக் கட்டினர்? இம்மூன்று வினாக்களில் கடைசி வினாவே நாம் சிந்திக்க வேண்டியது. எனினும் முதலிரண்டையும் அறிந்தால்தான் மூன்றாவது விளங்கும்.

எஃகு கப்பலாகும் விதம்

சோழமண்டலக் கடற்கரையின் மரக்காயர்கள் தங்கள் பெயரையே மரக்கலத்தோடு இணைத்துப் பேசுபவர்கள். அவர்கள் அறிந்த கப்பல் மரத்தால் ஆனது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மரத்தின் இடத்தை இரும்பும், பின்னர் எஃகும் பிடித்துக்கொண்டன. பாய்மரத்தின் இடத்தை நீராவி பிடித்துக்கொண்டது. ஸ்காட்லாந்து நாட்டின் கிளைட் ஆற்றங்கரை அக்காலத்தில் உலகின் கப்பல் பட்டறையாக விளங்கியது. அங்கே கிளாஸ்கோ நகரில் இருந்த பார்க்லே கர்ல் நிறுவனம், 1926ஆம் ஆண்டு ரஜூலாவைக் கட்டி முடித்தது. கட்டச் சொன்னது பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி. அக்கம்பெனியார் தம் கப்பல்களுக்கு ‘ஆ’ என்னும் ஓசையில் முடியும் பெயர்களைச் சூட்டுவது வழக்கம். ரஜூலா என்பதும் குஜராத்தில் உள்ள ஓர் ஊரின் பெயரே.

அக்காலக் கப்பல் பிறப்பது கடற்கரையில் அன்று; ஒரு விசாலமான கூடத்தின் தரையில்! வரைபடத்தில் சிறியதாக உள்ள கப்பலின் வளைவுகளை, அந்தக் கூடத்தின் மரத்தரையில் உள்ளபடியே முழு அளவில் கீறுவார்கள். அதைப் பார்த்து அச்சு எடுத்து, எஃகுச் சட்டங்களைப் பழுக்கக் காய்ச்சி வளைப்பார்கள். ஆற்றை நோக்கிச் சரிந்த மேடையில் முதலில் ‘ஏரா’ எனப்படும் அடித்தண்டு கிடத்தப்படும். அது கப்பலின் முதுகெலும்பு. அதிலிருந்து இருபுறமும் விலா எலும்புகள் போலச் சட்டங்கள் எழும். அவற்றின் மீது எஃகுத் தகடுகள் போர்த்தப்படும்.

இன்று போலத் தகடுகளை உருக்கி ஒட்டும் வெல்டிங் முறை அன்று கப்பல் தொழிலில் பரவவில்லை. எல்லாம் ரிவெட் எனும் தறையாணிதான். பொன்மலை இரயில்வே பணிமனையில் பணியாற்றியவர்களின் வீடுகளுக்கு இச்சொல் புதிதன்று. ஒருவன் உலையில் ஆணியைப் பழுக்கக் காய்ச்சுவான். ஒருவன் அதை எடுத்துத் துளையில் செருகுவான். ஒருவன் உட்புறம் நின்று தாங்கிப் பிடிப்பான். வெளியே இருவர் மாறி மாறிச் சம்மட்டியால் அடித்துத் தலையை மடக்குவார்கள். ஆணி ஆறும்போது சுருங்கி, இரு தகடுகளையும் இறுக்கிக்கொள்ளும். டைட்டானிக்கில் மட்டும் இவ்வாறு அடிக்கப்பட்ட ஆணிகள் 30 இலட்சத்துக்கும் மேல்!

உடற்கூடு முடிந்ததும் சரிவு மேடையில் கொழுப்பும் சோப்பும் தடவி, கப்பலை நீரில் நழுவவிடுவார்கள். டைட்டானிக்குக்கு 22 டன் கொழுப்பும் சோப்பும் தேவைப்பட்டன. 62 விநாடிகளில் அது நீரை அடைந்தது. அப்போது அது வெறும் கூடு. கொதிகலன், இயந்திரம், புகைபோக்கி, அறைகள் எல்லாம் பிறகே பொருத்தப்படும்.

இயந்திரத்தில் இரு வகை இருந்தன. பழைய வகையில், நீராவி முதலில் ஒரு சிறிய உருளையிலும், பின்னர் அதைவிடப் பெரியதிலும், பின்னர் இன்னும் பெரியதிலும் புகுந்து, ஒரே ஆவி மும்முறை வேலை செய்யும். புதிய வகை டர்பைன். 1907இல் வெள்ளோட்டம் கண்ட மாரிட்டேனியா டர்பைனின் வலிமையால் மணிக்கு 25 கடல் மைல்களுக்கு மேல் பாய்ந்தது. அதற்கு 19 ஆண்டுகள் கழித்துப் பிறந்த ரஜூலாவுக்கோ பழைய மும்முறை இயந்திரமே பொருத்தப்பட்டது. வேகம் 12, 13 கடல் மைல்தான். ஆனால் அவ்வியந்திரம் உறுதியானது. பழுது பார்க்க எளியது. கூலி வேலைக்கும் கடை வேலைக்கும் செல்லும் மக்களுக்கு அதிவேகம் எதற்கு என்று கம்பெனியார் கருதினர் போலும்!

இரு கப்பல்கள், இரு கணக்குகள்

இனி மூன்றாம் வினாவுக்கு வருவோம்.

ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தின் உயரம் 236 அடி. அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு நீளமுடையது ரஜூலா. டைட்டானிக்கின் நீளமோ 882 அடி. ராஜகோபுரத்தைப்போல் நான்கு மடங்குக்குச் சற்றே குறைவு. நீளத்தைக் காட்டிலும் கொள்ளளவே முக்கியம். கப்பலின் ‘மொத்த டன்’ என்பது எடை அன்று. கப்பலின் உள்ளிடத்தின் அளவு. 100 கன அடிக்கு ஒரு டன் என்பது கணக்கு. டைட்டானிக் 46,328 டன். ரஜூலா 8,478 டன். அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

எத்தனை பேருக்கு இவை கட்டப்பட்டன? டைட்டானிக்கில் பயணிகளும் ஊழியர்களும் சேர்ந்து ஏறத்தாழ 3,300 பேர் செல்லலாம். ரஜூலாவிலோ மேல்தட்டு வகுப்புகளுக்குச் சில அறைகள் போக, டெக் பயணிகள் மட்டும் 5,000 பேருக்கு மேல் ஏற்றிச் செல்ல அனுமதி இருந்தது!

வகுத்துப் பாருங்கள். இயந்திர அறை, சரக்கு அறை எல்லாவற்றையும் சேர்த்தே, டைட்டானிக்கில் ஓர் ஆளுக்கு 1,400 கன அடி வருகிறது. ரஜூலாவில் 170 கன அடிகூட வரவில்லை. எட்டில் ஒரு பங்கு!

டெக் டிக்கட் என்றால் கட்டில் இல்லை, அறை இல்லை. கப்பலின் தளங்களில் பாய் விரித்துக்கொள்ளும் இடமே பயணியின் இடம். தலைமாட்டில் தகரப் பெட்டி, பக்கத்தில் பிள்ளைகள், மேலே வெயிலுக்கு ஒரு கித்தான் விரிப்பு. சிங்கப்பூர் சேர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். ஆட்டம் குறைந்த, காற்றோட்டம் மிகுந்த நடுப்பகுதி அறை டிக்கட் வாங்கியோருக்கு. எஞ்சிய இடம் ஏனையோருக்கு.

இதில் கம்பெனியின் பக்கத்து நியாயத்தையும் கூறிவிட வேண்டும். இடம் குறைந்ததால்தான் கட்டணமும் குறைந்தது. கட்டணம் குறைந்ததால்தான் கையில் காசில்லாத இளைஞனும் மலேயா சென்று, கடை வைத்து, ஊரில் வீடு கட்டி, பள்ளிவாசலுக்கும் மதரஸாவுக்கும் கொடுக்கும் நிலைக்கு உயர்ந்தான். ஆகவே குறுகிய இடத்தை மட்டும் குற்றமெனச் சொல்வது முறையாகாது. வசதியைக் குறைப்பது வேறு. பாதுகாப்பைக் குறைப்பது வேறு. இரண்டாவதற்கு எந்த நியாயமும் இல்லை.

படகுகளின் கணக்கு

டைட்டானிக் மூழ்கியபோது அதில் சுமார் 2,200 பேர் இருந்தனர். உயிர்காப்புப் படகுகள் 20. அவற்றில் இடம் 1,178 பேருக்கு மட்டுமே. இது சட்டமீறலா? இல்லை. 10,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பலுக்கு 16 படகுகள் போதும் என்றே அன்றைய பிரிட்டிஷ் விதி சொன்னது. தலைகளை எண்ணாமல் டன்களை எண்ணிய விதி அது! மேலும் பல படகுகளைத் தாங்கக்கூடிய தூக்கிகள் பொருத்தப்பட்டிருந்தும், படகுகள் வைக்கப்படவில்லை. முதல் வகுப்பினரில் நூற்றுக்கு 60 பேருக்கு மேல் பிழைத்தனர். மூன்றாம் வகுப்பினரில் பிழைத்தவர் நூற்றுக்கு 25 பேர் அளவே.

உலகம் அதிர்ந்தது. 1914இல் இலண்டனில் நாடுகள் கூடி, கப்பலில் உள்ள ஒவ்வொருவருக்கும் படகில் இடம் வேண்டும் என்று உடன்படிக்கை செய்தன. முதல் உலகப்போர் குறுக்கிட்டதால் அது நடைமுறைக்கு வரவில்லை. 1929இல் மீண்டும் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. நல்லது என்று நாம் மகிழும்போதே ஒரு விலக்கும் உடன் வந்தது. ஹஜ் யாத்திரை போன்ற, கட்டில் இல்லாப் பயணிகளைப் பெருந்தொகையாக ஏற்றும் ‘தனிவகைப் பயணங்களுக்கு’ அவ்விதிகளைத் தளர்த்திக்கொள்ளலாம் என்பதே அவ்விலக்கு. அதற்கென 1931இல் நம் நாட்டுச் சிம்லாவில் கூடித் தனி விதிகள் வகுத்தனர். ‘சிம்லா விதிகள்’ என்றே அவற்றுக்குப் பெயர்.

அட்லாண்டிக்கில் செல்பவனுக்கு ஒரு விதி. ஜித்தாவுக்கும் பினாங்குக்கும் செல்பவனுக்கு வேறொரு விதி! நாற்பது ஆண்டுகள் இவ்வாறே நடந்தது. 1971இல் ஏற்பட்ட புதிய உடன்படிக்கையே சிம்லா விதிகளை அகற்றி, கட்டில் இல்லாப் பயணியின் பாதுகாப்புக்குக் கூடுதல் நெறிகளை வகுத்தது. பம்பாயிலிருந்து ஜித்தா சென்ற ஹஜ் கப்பல்கள் 1995ஆம் ஆண்டோடு நின்றுபோயின.

படகு இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் ரஜூலாவின் குடும்பத்திலேயே சான்று உண்டு. அதே ஆண்டில், அதே அமைப்பில் இங்கிலாந்தில் கட்டப்பட்ட சகோதரக் கப்பல் ரோனா. இரண்டாம் உலகப்போரில் துருப்புகளை ஏற்றிச் சென்றபோது, 1943 நவம்பர் 26 அன்று அல்ஜீரியக் கடற்பரப்பில் ஜெர்மானியரின் குண்டுக்கு இரையாயிற்று. படகுகளில் பெரும்பாலானவற்றை முறையாக நீரில் இறக்க முடியவில்லை. 1,000க்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினரும், அவர்களோடு கப்பல் ஊழியர் பலரும் மாண்டனர்.

ரஜூலா அந்தப் போரைக் கடந்து வந்தது. பின்னாளில் அதன் டெக் பயணிகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைக்கப்பட்டது. 47 ஆண்டுகள் உழைத்து, 1973இல் இந்தியக் கப்பல் கழகத்துக்கு விற்கப்பட்டு, 1974இல் பம்பாயில் உடைக்கப்பட்டது. அதன் வழித்தடத்தை ஏற்ற எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பற்றியதில் பலர் உயிரிழந்தனர். அக்கப்பலின் பயணமும் அத்துடன் முடிவுற்றது.

நமக்குள்ள படிப்பினை

கப்பல் காலம் முடிந்துவிட்டதே, இனி இதை ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். வரைபடத்தின் காலம் முடியவில்லை என்பதே அதற்கு விடை.

2004ஆம் ஆண்டு ஜனவரி 23 அன்று இதே ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தில் தீப்பிடித்தது. மணமகன் உட்பட 50க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். மேலே கீற்றுப் பந்தல். வெளியேறப் போதிய வழி இல்லை. அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியொன்றில் 94 பிஞ்சுகள் கருகினர். அங்கும் கீற்றுக் கூரை. அங்கும் குறுகிய படிக்கட்டு. ஏழைகள் கூடும் இடம்தானே, இது போதும் என்னும் எண்ணமே டன்களை எண்ணிப் படகு வைத்தவர்களின் எண்ணமும்.

நம் ஊர்களில் ஆண்டுதோறும் மண்டபங்களும் மதரஸாக்களும் அநாதை இல்லங்களும் எழும்புகின்றன. வசூலுக்கு வருவோர் முகப்பின் படத்தைக் காட்டுகின்றனர். உள்ளே எத்தனை பிள்ளைகள் உறங்குவர், எத்தனை வாசல்கள், பெண்கள் பகுதிக்குத் தனிப் படிக்கட்டு உண்டா, நள்ளிரவில் விளக்கணைந்தால் கடைசிப் படுக்கையில் கிடக்கும் சிறுவன் எவ்வழியே வெளியேறுவான் என்று நம்மில் யாரும் கேட்பதில்லை. கேட்பவரைக் குறை காண்பவர் எனக் கருதுவாரும் உண்டு.

தாய்மார்களே, பிள்ளையை விடுதியில் சேர்க்கும் முன் அந்தப் படிக்கட்டில் ஒருமுறை ஏறி இறங்கிப் பாருங்கள். ஜமாஅத் பொறுப்பாளர்களே, வரைபடத்தில் கையெழுத்திடும் முன் சதுர அடியை எண்ணுவதோடு தலைகளையும் எண்ணுங்கள். உங்கள் ஊர்க் கட்டடத்தில் வாசல் எத்தனை என்பதை இந்த ஜும்ஆவுக்குச் செல்லும்போதே எண்ணிப் பார்த்துவிடலாம்.