சோம்பல் அல்ல, விழிகளின் சோர்வு

மாலையில் குர்ஆன் ஓத அமரும் மகன் பத்து நிமிடங்களுக்குள் வரியைத் தவறவிடுகிறான். ஒரு கண்ணைப் பொத்திக்கொள்கிறான். நெற்றி வலிக்கிறது என்கிறான். கண்ணாடிக் கடையில் சோதித்தாலோ, சுவர்ப் பலகையின் கடைசி வரியையும் பிழையின்றிப் படித்துவிடுகிறான். 'பார்வையில் குறையில்லை, எல்லாம் சோம்பல்தான்' என்று நாம் கடிந்துகொள்கிறோம்.

அன்பார்ந்த பெற்றோரே! சற்றுப் பொறுங்கள். 6 மீட்டர் தொலைவிலுள்ள பலகை, தூரப்பார்வையின் கூர்மையை மட்டுமே அளக்கிறது. ஓதும் ஏடு இருப்பதோ ஏறத்தாழ 40 சென்டிமீட்டரில். அங்கே இரு விழிகளும் மூக்கை நோக்கித் திரும்பி, ஒரே எழுத்தின் மீது நிலைபெற வேண்டும். விழியை அசைக்க இறைவன் அமைத்துள்ள ஆறு தசைகளுள் உட்புறத் தசை இப்பணியை ஆற்றுகிறது. அதே கணத்தில் கண்வில்லை தடிக்கிறது, பாவை சுருங்குகிறது. மூன்றும் நாம் அறியாமலே நிகழ்கின்றன. சுப்ஹானல்லாஹ்!

இவ்வாறு உட்குவியும் ஆற்றல் குறைந்தால் எழுத்துகள் கலங்கும், இரண்டாகத் தோன்றும்.

இதற்கான சோதனை எளியது. சிறு எழுத்துப் பொறித்த குச்சியை மருத்துவர் 40 செ.மீ. தொலைவிலிருந்து மூக்கை நோக்கி மெல்லக் கொண்டுவருவார். எழுத்து இரண்டாகும் இடத்தை, அல்லது ஒரு விழி வெளிப்புறம் விலகும் இடத்தை அளப்பார். பின்பு குச்சியைப் பின்னோக்கி நகர்த்தி, மீண்டும் ஒன்றாகும் இடத்தையும் குறிப்பார். பிள்ளைகளுக்கு முதல் அளவு பொதுவாக 6 செ.மீ.க்குள் அமையும். சிலருக்கு முதல் முறை சரியாக இருந்து, திரும்பத் திரும்பச் செய்கையில் தளர்ச்சி வெளிப்படும். ஆதலால் ஒருமுறை பார்த்து முடிவு செய்தலாகாது.

பயிற்சியால் இக்குறை பெரும்பாலும் தணியும். 2008இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் 9 முதல் 17 வயதுடைய 221 பிள்ளைகள் 12 வாரங்கள் சிகிச்சை பெற்றனர். பயிற்றுநர் முன்னிலையில் பயின்றோரில் நூற்றுக்கு 73 பேர் குணமோ முன்னேற்றமோ கண்டனர். வீட்டில் பென்சில் முனையை நோக்கிப் பயின்றோரில் 43 பேரே பயனடைந்தனர். ஆயினும், இப்பயிற்சியே படிப்பாற்றலை உயர்த்திவிடும் என எண்ண வேண்டாம். 2019இல் வெளியான ஆய்வு அதனை மெய்ப்பிக்கவில்லை.

திடீரென உருவங்கள் இரண்டாகத் தெரிந்தாலோ, இமை தொங்கினாலோ தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்க.

பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். கடிந்துரைக்குமுன் அருகில் அமர்ந்து கேளுங்கள்: "எழுத்து ஒன்றாகத் தெரிகிறதா, இரண்டாகத் தெரிகிறதா?"