கோப்பை ஜெயிச்ச கோவை அணி 2 வருஷத்தில் காணாமல் போனது ஏன்?

கோவை:

2019 மார்ச் 9-ந்தேதி சாயங்காலம் கோவை நேரு ஸ்டேடியத்தில் இருந்தவங்க அந்த மேட்சை லேசில் மறக்க மாட்டாங்க. ஐ-லீக் கால்பந்தின் கடைசி நாள். சென்னை சிட்டி எப்.சி. ஜெயித்தால் கோப்பை நம்மூருக்கு. ஜெயிக்காவிட்டால், அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஆடிக்கொண்டிருந்த கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் தட்டிக்கொண்டு போக வாய்ப்பு.

3-வது நிமிடத்திலேயே மினர்வா பஞ்சாப் கோல் போட்டது. இடைவேளை வரை 0-1. பிறகு பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். தடுப்பாட்டக்காரர் கவுரவ் போரா முன்னால் போய் 2 கோல் அடித்தார். 3-1! ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்தது. ஆனால் அவங்களுக்கு 42 புள்ளி, நமக்கு 43. தமிழ்நாட்டு அணி ஐ-லீக் பட்டம் வென்றது அதுவே முதல் முறை.

கடைசி பெஞ்ச் அணி

பேரில்தான் சென்னை. ரோகித் ரமேஷின் இந்த அணியும் மினர்வாவும் ஒன்றாகத்தான் 2016-17 சீசனில் ஐ-லீக்கில் நுழைந்தன. முதல் வருஷம் சென்னையில் ஆடி, 10 அணிகளில் 8-வது இடம். அங்கே ஏற்கனவே ஐ.எஸ்.எல். அணியான சென்னையின் எப்.சி. இருந்தது. அடுத்த சீசனில் கோவைக்கு ஜாகை மாறியது. அப்பவும் 8-வது இடம்தான்.

2018-ல் சிங்கப்பூர் பயிற்சியாளர் அக்பர் நவாஸ் வந்தார். நெஸ்டர் கோர்டிலோ, சாண்ட்ரோ, எஸ்லவா என ஸ்பெயினில் இருந்து பெரிதாக பேர் தெரியாத ஆட்கள் வந்தாங்க. மான்சி மட்டும் 21 கோல். கூடவே எட்வின் சிட்னி வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற தமிழக வீரர்களும் கலக்கினாங்க. சுவிட்சர்லாந்தின் எப்.சி.பாசெல் கிளப் 2019-ல் 26 சதவீத பங்கு வாங்கியது. 8-வது இடத்தில் கிடந்த அணிக்கு இது சாதாரண விஷயமா?

ஏணி இல்லாத பரணை

சிக்கல் கோப்பைக்கு பிறகுதான் வந்தது. 2019-20 சீசனில் இருந்து ஐ.எஸ்.எல். தான் நாட்டின் முதல் நிலை லீக் என்றானது. ஐ-லீக் இரண்டாம் நிலைக்கு இறங்கியது. சாம்பியன் ஆனாலும் மேலே போக வழி இல்லை. மேலே போக முடியாத அணிக்கு ஸ்பான்சர் எங்கிருந்து வருவார்? நல்ல ஆட்டக்காரன்தான் எதற்கு இருப்பான்?

கோர்டிலோ ஐதராபாத் போனார். எட்வின் சென்னையின் எப்.சி.க்கு போனார். மான்சி 2020 தொடக்கத்தில் ஜப்பானுக்கு விமானம் ஏறினார். அந்த ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதி ஆட்டம். சொந்த ஊரில் நடக்க வேண்டிய அதுவும் அகமதாபாத்தில் நடந்து, பக்ரைனின் அல் ரிபாவிடம் 0-1 என தோல்வி. கோவை ரசிகர்களுக்கு அந்த பாக்கியமும் இல்லை.

அப்புறம் கொரோனா. 2020-21 சீசன் முழுக்க மேற்கு வங்காளத்தில், ஆளில்லாத மைதானத்தில் நடந்தது. அதற்கு அடுத்த சீசன் பட்டியலில் சென்னை சிட்டி பேரே இல்லை.

ஐ-லீக் சாம்பியனை ஐ.எஸ்.எல்.லுக்கு ஏற்றும் முறை 2022-23 சீசனில்தான் வந்தது. அப்படி முதலில் ஏறிய அணி பஞ்சாப் எப்.சி. கோவையில் அன்றைக்கு 1-3 என தோற்றுப்போன அதே மினர்வாதான், கை மாறி, பேர் மாறி மேலே போனது.