படித்துவிட்டு அழுத்துங்கள்!

 

சென்ற வாரம் ஒரு நண்பரைப் பார்க்க அவருடைய வீட்டுக்குப் போயிருந்தேன். கடையிலிருந்து அவர் வரக் கொஞ்சம் நேரம் ஆகும் என்றார்கள். கூடத்தில் இருந்த கம்ப்யூட்டரில் நண்பரின் மகள் புதிதாக ஒரு விளையாட்டை ஏற்றிக்கொண்டிருந்தாள். ஏழாம் வகுப்பு படிக்கிறாள். படு சுட்டி. திடீரென்று திரையில் ஒரு பெட்டி தோன்றியது. அதில் நாலைந்து வரிகள். நான் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள், டக்கென்று ஒரு பட்டனை அழுத்தினாள். பெட்டி மறைந்துவிட்டது.

"அது என்னம்மா கேட்டுச்சு?" என்றேன்.

"தெரியலை மாமா. ஓகே கொடுத்தாதான் கேம் வரும்."

"படிச்சுப் பார்க்கலையா?"

"எல்லா கேமும் இதைத்தான் கேக்கும். அதைப் போய் யாராவது படிப்பாங்களா மாமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளை மட்டும் குறை சொல்வானேன்? பெரியவர்கள் பலரும் அப்படித்தான் அழுத்துகிறோம். ஆனால், செல்வங்களே, அந்தப் பெட்டி கேட்டது சின்னக் கேள்வி இல்லை. 'இந்தப் புரோகிராம் இன்டர்நெட் வழியாக வெளியாட்களோடு பேச அனுமதிக்கலாமா?' என்பதுதான் கேள்வி. அந்தக் கம்ப்யூட்டரில் அப்பாவின் கடைக் கணக்கு இருக்கிறது. அக்காவின் கல்லூரி விண்ணப்பம் இருக்கிறது. தாத்தாவின் பழைய போட்டோக்கள் இருக்கின்றன. வீட்டில் உள்ள அத்தனை பேருக்காகவும் அவள் ஒருத்தியே பதில் சொல்லிவிட்டாள், கேள்வியைப் படிக்காமலே!

அந்தக் கேள்வியைக் கேட்டது யார் தெரியுமா? கம்ப்யூட்டருக்குள் இருக்கும் காவல்காரர். அவர் பெயர் 'ஃபயர்வால்'. 'தீத்தடுப்புச் சுவர்' என்று சொல்லலாம். வரிசையாகக் கட்டிய கட்டடங்களில் ஓரிடத்தில் பிடித்த தீ அடுத்த இடத்துக்குப் பரவாமல் இருக்க நடுவே கனமான சுவர் எழுப்புவார்கள். அந்தச் சுவரின் பெயரைத்தான் இந்தப் புரோகிராமுக்கும் வைத்துவிட்டார்கள்.

உங்கள் வீட்டுக்கு எத்தனை வாசல்? முன்வாசல் ஒன்று, கொல்லைப்புறம் ஒன்று. கம்ப்யூட்டருக்கு எத்தனை தெரியுமா? 65,536! பயந்துவிடாதீர்கள். இவை கண்ணால் பார்க்கும் வாசல்கள் அல்ல. 0 முதல் 65,535 வரையிலான எண்கள். இவற்றுக்கு 'போர்ட்' என்று பெயர். வெளியிலிருந்து ஒரு செய்தி வந்தால், அது எந்தப் புரோகிராமுக்கு உரியது என்று இந்த எண்ணை வைத்துத்தான் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கிறது. பாதுகாப்பான இணையப் பக்கத்தைத் திறக்கும்போது, அந்தப் பக்கத்தை வைத்திருக்கும் கம்ப்யூட்டரின் 443-ஆம் எண் வாசலைத்தான் உங்கள் பிரவுசர் பெரும்பாலும் தட்டுகிறது.

இந்த வாசல்களில் காவல் நிற்பதுதான் ஃபயர்வாலின் வேலை. நீங்கள் கேட்டு, அதற்குப் பதிலாக வரும் செய்தியை உள்ளே விடும். கேட்காமல் தானாக வந்து கதவைத் தட்டுபவர்களைத் திருப்பி அனுப்பிவிடும். நாம் வரச்சொன்ன எலக்ட்ரீஷியனை அம்மா உள்ளே விடுவதும், முன்பின் தெரியாதவரை வாசலிலேயே நிறுத்தி விசாரிப்பதும் போலத்தான் இது.

காவல்காரர் இல்லாவிட்டால் என்ன ஆகும்? நடந்த ஒரு கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

2003-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11. உலகின் பல நாடுகளில், வீடுகளிலும் அலுவலகங்களிலும் இருந்த கம்ப்யூட்டர்களில் திடீரென்று ஓர் அறிவிப்பு வந்தது. 'இன்னும் ஒரு நிமிடத்தில் கம்ப்யூட்டர் நின்றுவிடும்' என்று சொல்லிவிட்டு 60, 59, 58 என்று எண்ணத் தொடங்கியது. நின்றது, தானே மறுபடியும் எழுந்தது, மறுபடியும் எண்ணத் தொடங்கியது! இதற்குக் காரணம் 'பிளாஸ்டர்' என்ற புழு. மண்ணில் நெளியும் புழு அல்ல. ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குத் தானாகவே பரவும் கெட்ட புரோகிராமைத்தான் 'புழு' என்கிறார்கள்.

விண்டோஸ் எக்ஸ்பி, விண்டோஸ் 2000 ஆகியவற்றில் இருந்த ஓர் ஓட்டையைப் பயன்படுத்தி, 135-ஆம் எண் வாசல் வழியாக இந்தப் புழு நுழைந்தது. யாரும் தப்பான மெயிலைத் திறக்கவில்லை. எதையும் டவுன்லோடு செய்யவில்லை. இன்டர்நெட் இணைப்பில் இருந்ததே போதுமானதாக இருந்தது! இதில் வேதனை என்னவென்றால், அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் ஜூலை மாதமே வெளியிட்டுவிட்டது. பலர் அதை ஏற்றவில்லை. எக்ஸ்பியில் ஃபயர்வாலும் இருந்தது. ஆனால், நாமாகப் போய் முடுக்கிவிட்டால்தான் அது வேலை செய்யும். காவல்காரர் வீட்டிலேயே இருந்தார், தூங்கிக்கொண்டிருந்தார்!

கதை இதோடு முடியவில்லை. உள்ளே நுழைந்த புழு சும்மா இருக்கவில்லை. அடுத்தடுத்த கம்ப்யூட்டர்களின் கதவைத் தட்டக் கிளம்பியது. அதுமட்டுமா? தான் பிடித்த கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஆகஸ்ட் 16 முதல் ஒன்றாகச் சேர்ந்து, மைக்ரோசாஃப்டின் ஓர் இணைய முகவரியைத் தாக்க வேண்டும் என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. திருத்தம் தரும் இடத்துக்கு வழிகாட்டும் முகவரி அது. மைக்ரோசாஃப்ட் முந்திக்கொண்டு அந்த முகவரியையே எடுத்துவிட்டது. அதனால் தாக்குதல் பலிக்கவில்லை.

இதை யோசித்துப் பாருங்கள். அந்தக் கம்ப்யூட்டர்களின் சொந்தக்காரர்கள் யார்? உங்கள் அப்பா, அம்மாவைப் போன்ற சாதாரண மனிதர்கள். யாரையும் தாக்க வேண்டும் என்று அவர்கள் கனவிலும் நினைத்தவர்கள் அல்லர். ஆனாலும் அவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் அவர்களுக்கே தெரியாமல் அடியாளாகப் போகக் காத்திருந்தது. 2004 ஆகஸ்டில் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஒரு பெரிய திருத்தத்தை வெளியிட்டது. அதிலிருந்துதான் ஃபயர்வால் தானாகவே விழித்திருக்கும்படி ஆனது. இன்றைய விண்டோஸிலும் அப்படித்தான்.

'அப்படியானால் இனிமேல் கவலை இல்லையே?' என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள்.

வாசலில் இரண்டு விதமான போக்குவரத்து உண்டு. ஒன்று, உள்ளே வருவது. இன்னொன்று, வெளியே போவது. விண்டோஸின் காவல்காரர் உள்ளே வருபவர்களைத்தான் கண்டிப்பாக விசாரிக்கிறார். வெளியே போகும் புரோகிராம்களை, நாம் தனியாகத் தடுத்து வைக்காத வரை, கேள்வி கேட்காமல் விட்டுவிடுகிறார். நீங்களே டவுன்லோடு செய்து உட்கார வைத்த புரோகிராம் வீட்டுக்குள் தங்கியிருக்கும் விருந்தாளி மாதிரி. அது பையில் எதை எடுத்துக்கொண்டு வெளியே போகிறது என்று அவர் பார்ப்பதில்லை.

'ஒவ்வொரு புரோகிராமும் வெளியே போகும்போது என்னைக் கேள்' என்று சொல்லி வைக்கும் ஃபயர்வால்களும் உண்டு. 2000-ஆம் ஆண்டு வாக்கில் 'ஜோன்அலாரம்' என்ற ஃபயர்வால் இப்படித்தான் பெயர் பெற்றது. ஆனால், இதிலும் ஒரு சங்கடம். கேள்வி மேல் கேள்வி வந்தால் மனிதனுக்குச் சலித்துவிடும். படிக்காமலே 'சரி, சரி' என்று அழுத்தத் தொடங்கிவிடுவான். அப்புறம் எத்தனை காவல்காரர் இருந்து என்ன பயன்?

நண்பரின் மகளும் இப்படித்தானே அழுத்தினாள்? இருவருமாகச் சேர்ந்து, உள்ளே வர யார் யாருக்கு அனுமதி தந்திருக்கிறாள் என்று பார்த்தோம். ஒரு நீண்ட பட்டியல் வந்தது. விண்டோஸ் தானே வைத்திருந்த பெயர்கள் பல. அவள் சேர்த்தவை ஒன்பது. அவற்றில் நான்கு என்னவென்றே அவளுக்கு நினைவில்லை. ஒரு விளையாட்டை எப்போதோ நீக்கிவிட்டாளாம். அதற்குக் கொடுத்த அனுமதி மட்டும் அப்படியே இருந்தது!

அப்போது அவள் ஒரு நல்ல கேள்வி கேட்டாள். "வேண்டாம்னு சொன்னா ஏதாவது கெட்டுப் போயிடுமா மாமா?"

இன்று உங்களிடம் சொல்ல வந்ததே இதற்கான பதில்தான். 'வேண்டாம்' என்று தவறாகச் சொல்லிவிட்டால், அந்த விளையாட்டு ஒழுங்காக ஓடாது. அவ்வளவுதான். மறுபடியும் போய் அனுமதி கொடுத்துவிடலாம். ஆனால், 'சரி' என்று தவறாகச் சொல்லி, அதனால் அப்பாவின் கணக்கோ வீட்டுப் போட்டோவோ வெளியே போய்விட்டால், அதைத் திரும்ப அழைத்துவர முடியாது. ஒரு தவறைத் திருத்தலாம். இன்னொன்றைத் திருத்த முடியாது. எனவே சந்தேகம் வந்தால் 'வேண்டாம்' என்பதே நல்லது.

சந்தேகத்தை எப்படித் தீர்ப்பது? மூன்று கேள்விகள் கேளுங்கள்.

நீ யார்? பெட்டியில் இருக்கும் பெயரும், அதைத் தயாரித்தவர் பெயரும் உங்களுக்குத் தெரிந்தவைதானா?

நான் கூப்பிட்டேனா? நீங்கள் ஒரு விளையாட்டைத் திறந்தபோது அதன் பெயரில் கேள்வி வந்தால் சரி. எதையும் தொடாமல் இருக்கும்போது வந்தால், உடனே பெரியவர்களைக் கூப்பிடுங்கள்.

உனக்கு இன்டர்நெட் எதற்கு? நண்பர்களோடு சேர்ந்து ஆடும் விளையாட்டுக்கு அது தேவை. தனியாக ஆடும் சதுரங்கத்துக்கு எதற்கு? 'புதுப்பித்துக்கொள்ள' என்பது நியாயமான பதிலாக இருக்கலாம். ஆனாலும் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லையே!

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு ஒரு வேலை. அப்பா, அம்மா, அண்ணன், அக்கா என்று யாராவது ஒரு பெரியவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் கம்ப்யூட்டராக இருந்தால், தேடும் கட்டத்தில் 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று ஆங்கிலத்தில் எழுதித் திறங்கள். அதில் ஃபயர்வால் பகுதிக்குப் போங்கள். முதலில் காவல்காரர் விழித்திருக்கிறாரா என்று பாருங்கள். பிறகு, அனுமதி பெற்ற புரோகிராம்களின் பட்டியலைத் திறங்கள். நீங்கள் சேர்த்தவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். எதிரே, அது எதற்கு என்று எழுதுங்கள். இடம் காலியாக இருந்தால், அதற்கு அனுமதி தேவையா என்று பேசி முடிவெடுங்கள். வெளியே போவதைத் தடுக்க 'அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்' பகுதியில் வழி இருக்கிறது. விவரம் தெரிந்த பெரியவர் துணையோடு மட்டும் அங்கே போங்கள்.

ஓர் எச்சரிக்கை. பெயர் புரியவில்லை என்பதற்காக எல்லாவற்றையும் தடுத்துவிடாதீர்கள். விண்டோஸின் சொந்த வேலையாட்கள் சிலருக்குப் பெயரே விசித்திரமாக இருக்கும். அவர்களைத் தடுத்தால் திருத்தங்கள் வராமல் போகலாம். நீங்கள் சேர்த்தவற்றை மட்டும் பாருங்கள்.

இன்னொன்று. காவல்காரர் எல்லாம் வல்லவர் இல்லை. கெட்ட புரோகிராமுக்கு நாமே 'அட்மினிஸ்ட்ரேட்டர்' அதிகாரம் கொடுத்துவிட்டால், அது காவல்காரரையே தூங்க வைத்துவிடும். பணம் கொடுத்து வாங்க வேண்டிய விளையாட்டை 'இலவசம்' என்று யாரோ தரும்போது, அதற்குள் யார் ஒளிந்திருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? அதனால், அந்த அதிகாரம் இல்லாத தனிக் கணக்கு ஒன்றை உங்களுக்குத் தொடங்கித் தரும்படி அப்பாவிடம் கேளுங்கள். முக்கியமான மாற்றம் எதற்கும் பெரியவர்களின் கடவுச்சொல் தேவைப்படும். உங்களை நம்பாததால் அல்ல. ஒரு நொடி நின்று யோசிக்க இருவருக்கும் நேரம் கிடைக்கும் என்பதால்!

நான் கிளம்பும் நேரத்தில் நண்பரின் மகள் ஒரு பழைய நோட்டில் கோடு போட்டு எழுதிக்கொண்டிருந்தாள். ஒன்பது பெயர்களில் நான்கை அடித்துவிட்டிருந்தாள். மீண்டும் ஒரு பெட்டி திரையில் வந்தது. மவுஸில் இருந்த விரல் அப்படியே நின்றது. வாய்க்குள்ளேயே முணுமுணுத்து, கடைசி வரி வரை படித்தாள். அப்புறம் உள்ளே பார்த்து, "அப்பா, இங்க கொஞ்சம் வாங்களேன்!" என்று கூப்பிட்டாள்.

நீங்களும் அப்படிக் கூப்பிடுவீர்கள்தானே?

அடுத்த வாரம் சந்திப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்