தேவதைகளுக்குச் சம்பளம் எதற்கு?

செவிலியரைப் பற்றி எழுதப் புகும்போதெல்லாம் நம் மொழிக்கு ஒரு தடுமாற்றம் வந்துவிடுகிறது. வெள்ளுடைத் தேவதை, கருணையின் வடிவம், தன்னலமற்ற சேவை என்று சொற்கள் தாமாகவே வந்து வரிசையில் நின்றுகொள்கின்றன. அவர் வேலைக்குப் போகிறார், சம்பளம் வாங்குகிறார் என்னும் எளிய செய்திக்கு அந்த வரிசையில் இடமில்லை. அவர் வெளிநாடு போய்விட்டாலோ தடுமாற்றம் இன்னும் கூடுகிறது. ஒன்று, பணத்துக்காக ஊரை விட்டவர். அல்லது, யாரேனும் போய் மீட்டு வரவேண்டிய அபலை. இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள மனுஷியை நாம் இன்னும் எழுதத் தொடங்கவில்லை.

2014 ஜூனில் ஈராக்கின் திக்ரித் நகரம் ஐ.எஸ். படையிடம் வீழ்ந்தபோது, அங்கிருந்த மருத்துவமனையில் 46 இந்தியச் செவிலியர் சிக்கிக்கொண்டனர். ஒருவர் நம் தூத்துக்குடியைச் சேர்ந்தவர், ஏனையோர் கேரளத்தவர். ஜூலை தொடக்கத்தில் மோசூலுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, பின் விடுவிக்கப்பட்டு, எர்பில் வழியாக ஜூலை 5 அன்று கொச்சியில் வந்திறங்கினர். இந்நிகழ்வையொட்டி 2017-இல் இரு திரைப்படங்கள் வந்தன. இந்தியில் வந்த 'டைகர் ஜிந்தா ஹை', உளவாளி நாயகன் தன் வீரத்தைக் காட்டுவதற்கான காரணமாகச் செவிலியரைப் பயன்படுத்திக்கொண்டது. மலையாளத்தில் மகேஷ் நாராயணன் இயக்கிய 'டேக் ஆஃப்', கடன் சுமையால் ஈராக் போகும் ஒரு செவிலியைக் கதையின் மையத்தில் வைத்தது. பின்னதே உண்மைக்கு அருகில் நிற்கிறது. ஏனெனில் அன்றைய நாளிதழ்களைப் படித்தபோது துப்பாக்கிகளைவிட நம்மை உறுத்திய செய்தி வேறு. போர் சூழ்ந்த ஊரிலிருந்து கிளம்பவும் அவர்களில் சிலர் தயங்கினர். சம்பளம் மாதக்கணக்கில் நிலுவையில் இருந்தது. ஊரில் கடன் காத்திருந்தது.

அந்தக் கடன் எப்படி உண்டாகிறது? 2015-இல் கொச்சியில் நடுவண் புலனாய்வுத் துறை பதிந்த ஒரு வழக்கைப் பார்ப்போம். குவைத் சுகாதார அமைச்சகத்துக்குச் செவிலியரைச் சேர்த்த ஒரு முகமை, 19,500 ரூபாய் வாங்கவேண்டிய இடத்தில் 19,50,000 ரூபாய் வாங்கியதாகக் குற்றச்சாட்டு. இரண்டே சுழியங்கள்தாம் கூடுதல்! குடிபெயர்வோரைக் காக்கவென்றே அமர்த்தப்பட்ட அதிகாரி ஒருவரும் அவ்வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டார். அதே ஆண்டில், குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் 18 நாடுகளுக்குச் செவிலியரைச் சேர்க்கும் பொறுப்பை அரசு நிறுவனங்களுக்கு மட்டும் உரியதாக நடுவண் அரசு வரையறுத்தது. நல்ல முடிவுதான், ஆனால் கடன்பட்டவர்களுக்குக் காலங்கடந்த முடிவு.

'இங்கேயே வேலை செய்தால் என்ன?' என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் 50 படுக்கைகளுக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் கொடுக்கவேண்டும் என்று பரிந்துரைக்கவே, உச்ச நீதிமன்றம் தலையிட்டு 2016-இல் ஒரு குழு அமைக்கப்பட வேண்டியிருந்தது. அந்தத் தொகைகூட எத்தனை இடங்களில் கைக்கு வருகிறது என்பதை, தெரிந்த செவிலியர் ஒருவரிடம் கேட்டுப் பார்க்கலாம். உலகெங்கும் பணிபுரியும் செவிலியரில் ஏழில் ஒருவர் தாம் பிறந்த நாட்டில் இல்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கை. இவர்கள் அனைவரையும் பேராசைக்காரர் என்று சொல்லிவிட முடியுமா?

போகக்கூடாது என்பதன்று நம் வாதம். அச்சமின்றியும் கடனின்றியும் போக வேண்டும். விரும்பினால் மதிப்போடு திரும்பிவர வேண்டும். அதற்குச் சட்டம் செய்ய வேண்டியது ஒருபுறம் இருக்க, எழுத்து செய்ய வேண்டியதும் உண்டு. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போனவர்களின் துயரத்தைப் புனைவாக்கிய மொழி இது. வளைகுடாவின் இரவுப் பணியில், பிறர் தாயின் படுக்கையருகே நின்றபடி தன் தாயின் மருந்துச் செலவைக் கணக்கிடும் பெண் மட்டும் அதற்கு ஏன் அயலாளாகிப் போனாள்? தேவதை என்று அழைத்துவிட்டால் கணக்குக் கேட்க வேண்டியதில்லை என்பதாலா? அச்சொல்லை இனி நாமேனும் கைவிடுவோம். அவளது வரவுசெலவுக் கணக்கையும் சேர்த்து எழுதத் தொடங்குவோம்.