பழைய வேட்டி போதும்... பாட்டியின் முகம் பளிச்!

வீட்டுப் பெரியவர் ஒருவர் காலமானதும் பல குடும்பங்களில் நடப்பது இது. மாலை போட ஒரு படம் தேவைப்படும். செல்போன்களைத் துழாவினால் ஆயிரக்கணக்கில் படங்கள் இருக்கும். அவர் முகம் தெளிவாகத் தெரியும் படம் மட்டும் இருக்காது. கடைசியில் கல்யாண குரூப் போட்டோவிலிருந்து முகத்தை மட்டும் வெட்டியெடுத்து, பெரிதாக்கி, மங்கலாக மாட்டிவைப்பார்கள்.

குறை பெரும்பாலும் கேமராவில் இல்லை, வெளிச்சத்தில்தான். விட்டத்தில் எரியும் விளக்கு மேலிருந்து விழுவதால் கண்கள் குழிவிழுந்து தெரிகின்றன. செல்போன் ஃப்ளாஷ் போட்டாலோ முகம் தட்டையாகி, நெற்றி எண்ணெய் வழிவதுபோல் மின்னுகிறது.

விளக்கு எவ்வளவு பெரிதாக, எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ, அவ்வளவு மென்மையாக நிழல் விழும். உச்சிவெயிலில் கத்தியால் வெட்டியதுபோல் விழும் நிழல், மேகமூட்டமான நாளில் காணாமல் போவது இதனால்தான். மேகம் வானம் முழுவதையும் ஒரே விளக்காக்கிவிடுகிறது.

சத்யஜித் ரேயின் 'அபராஜிதோ' (1956) படத்துக்காக, காசி வீட்டு முற்றத்தைக் கல்கத்தா ஸ்டூடியோவில் செட் போட்டார்கள். முற்றத்தில் இறங்கும் வானத்து வெளிச்சம் வேண்டுமே! ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்குகளை அதை நோக்கித் திருப்பினார். துணியில் பட்டுத் திரும்பிய ஒளியே முற்றத்து வெளிச்சமானது.

வீட்டிலும் இதைச் செய்யலாம். தேவையானவை: பெரிய அட்டைப்பெட்டி, அலுமினியம் ஃபாயில், பழைய வெள்ளை வேட்டித் துண்டு, 12 வாட் எல்.இ.டி பல்பு, ஒயருடன் ஹோல்டர், ஒரு தெர்மோகோல் அட்டை.

பெட்டியின் ஒரு பக்கத்தை முழுதாகத் திறந்து, உட்புறம் ஃபாயிலை ஒட்டவும். பின்பக்கம் துளையிட்டு ஹோல்டரைப் பொருத்தவும். ஒயரில் ஃபாயில் படக் கூடாது. காற்றுப் போக இரண்டு துளைகள் வேண்டும். திறந்த பக்கத்தில் வேட்டித் துணியை இழுத்து ஒட்டினால் விளக்கு தயார். எல்.இ.டி மட்டுமே போட வேண்டும். குண்டு பல்பும் ஹாலஜனும் சூட்டில் தீப்பிடிக்க வைத்துவிடும். வேலை முடிந்ததும் பிளக்கை எடுத்துவிட வேண்டும்.

படம் எடுக்கப்படுபவரைச் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி உட்காரவைத்தால் நிழல் சுவரில் அவ்வளவாக விழாது. விளக்கை அவருக்கு ஒரு பக்கமாகச் சாய்வாக, மூன்றடி தூரத்தில், கண் மட்டத்துக்குச் சற்று மேலே வைக்கவும். மறுபக்கம் தெர்மோகோலைப் பிடித்தால் இருண்ட கன்னத்துக்கும் வெளிச்சம் கிடைக்கும். அதைக் கொஞ்சம் விலக்கினால், நிழல் பக்கத்துக் கண்ணுக்குக் கீழே சின்ன முக்கோணமாக ஒளி தங்குவதைக் காணலாம். டச்சு ஓவியர் ரெம்ப்ராண்டின் பெயரால் அழைக்கப்படும் ஒளியமைப்பு இதுதான்.

அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிடவும். மஞ்சளும் வெள்ளையும் கலந்தால் முகத்தின் நிறம் கெடும். மூக்குக்கண்ணாடியில் விளக்கு தெரிந்தால், விளக்கை இன்னும் உயர்த்தவும். செல்போன் திரையில் கோடு கோடாக ஓடினால் பல்பு துடிக்கிறது என்று அர்த்தம். வேறு பல்பு மாற்றவும். திரையில் முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்துவிட்டு எடுக்கவும்.

பெரியவர்கள் "எனக்கெதுக்குப் போட்டோ?" என்பார்கள். கேமராவைப் பார்க்கச் சொல்லாமல், பழைய கதை ஒன்றைக் கேட்டால் போதும். சொல்லும்போது முகம் தானாக மலரும். நல்லதாக ஒன்றைப் பிரிண்ட் போட்டு, அவர் கையிலேயே கொடுக்கலாம். தன் படத்தைத் தானே பார்த்துச் சந்தோஷப்படட்டுமே!