ஆளிச் செடியைக் கொன்னது அம்பத்தூர் வெயிலா?

மாடித்தோட்டப் பதிவு எழுதுற மக்களே, இன்னிக்கு உங்களோட சண்டை போடத்தான் வந்திருக்கேன். கடைசி வரைக்கும் படிச்சிட்டு அப்புறம் கும்முங்க.

விஷயம் ஆளி. அதாங்க, ஃபிளாக்ஸ். "மார்ச் கடைசியில் பனி முடிந்ததும் விதைக்கவும், நல்ல வெயில் படும் இடத்தில் வைக்கவும்"னு நம்மாளுங்களே தமிழ்ல எழுதி வச்சிருக்காங்க. ஏன் சாமி, அம்பத்தூர்ல மார்ச்ல எந்தப் பனி முடியப் போகுது? எவனோ குளிர் நாட்டுக்காரன் அவன் ஊருக்கு எழுதினதை அப்படியே தமிழாக்கினா இப்படித்தான் ஆகும்.

இதை நம்பி நானும் ஒரு மார்ச்சில் விதைச்சேன். ஆன்லைன்ல வாங்கின பாக்கெட், பல வருஷம் பூக்கும்னு போட்டிருந்துச்சு. அழகா முளைச்சது. ஒரு சாண் வளர்ந்தது. அக்னி நட்சத்திரம் வர்றதுக்கு முன்னாடியே சருகாயிடுச்சு. பக்கத்து வீட்டு மாமா எட்டிப் பார்த்து, "ஃபாரின் செடியெல்லாம் நம்ம ஊருக்கு ஒத்துவராது தம்பி"ன்னார். என்னை விடுங்க. ஆவடியிலேர்ந்து வர்ற ஆபீஸ் நண்பர் ஒருத்தர் முதல்முதலா தொட்டி வாங்கி இதே மாதிரி போட்டு, இதே மாதிரி காய்ஞ்சு, "எனக்குக் கைராசி இல்லீங்க"ன்னு தொட்டியையெல்லாம் வித்துட்டார். என் கோவமே அங்கதான். அவர் கைக்கு என்ன குறைச்சல்? மாசம்தான் தப்பு.

முதல்ல, இது ஃபாரின் செடியே கிடையாது. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், விதர்பா, பீகார் பக்கமெல்லாம் காலங்காலமா போடுற குளிர்காலப் பயிர். இந்தியில அல்சி, மராத்தியில ஜவஸ். சத்தீஸ்கர்ல நெல்லு அறுக்கறதுக்கு முன்னாடியே வயல்ல விதையைத் தூவிடுவாங்க, மிச்ச ஈரத்துலயே வளர்ந்துடும். உதேரான்னு பேரு. பாக்கெட்டுல வர்ற பல வருஷச் செடி வேற இனம், அது குளிர் தேசத்து ஆசாமி. நமக்கு வேண்டியது மளிகைக் கடையில சாப்பிடக் கிடைக்கிற அதே விதை. வறுக்காததா பாத்து வாங்கணும், அவ்ளோதான்.

அடுத்தது, பேர் குழப்பம். சில பேர் ஃபிளாக்ஸைச் சணல்னு எழுதறாங்க. சணல் கோணிப்பை நெய்யற செடிங்க, ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லை. நாட்டு மருந்துக் கடையில ஆளி விதைன்னு கேட்டா சில சமயம் செவப்பா, பொடியா ஒண்ணு தருவாங்க. அது ஹலீம், கடுகுக் குடும்பம். அதைப் போட்டுட்டு நீலப் பூவுக்குக் காத்திருந்தா பொடி வெள்ளைப் பூதான் வரும் :-)

சரி, எப்பதான் போடறது? வடக்கே அக்டோபர், நவம்பர். இங்க அப்பதான் வடகிழக்குப் பருவமழை, நாத்து அழுகிடும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வந்தப்போ தரையில வச்சிருந்த தொட்டிகள் மொத்தமும் தண்ணிக்குள்ள. அதனால மழை ஓய்ஞ்சு டிசம்பர் பாதிக்கு மேல போடுறேன். விதையை ஊற வைக்காதீங்க, வழவழன்னு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். நாத்து பிடுங்கி நடாதீங்க, ஆணிவேர் தாங்காது. பூக்கப்போற தொட்டியிலேயே நேரா தூவுங்க. ஐம்பது நாள் போல ஆச்சுன்னா பூ. பிப்ரவரியில பார்த்துட்டு, மார்ச்ல காய் முத்தினதும் விதை எடுத்துக்கலாம். அதாவது அவங்க விதைக்கச் சொல்ற மாசத்துல நான் அறுவடை பண்றேன்!

"காலையில பூத்து மத்தியானம் உதிர்ற பூவால என்ன பிரயோஜனம்?"னு மாமா விடாம கேக்கறார். 1753ல லின்னேயஸ் இந்தச் செடிக்கு வச்ச பேருக்கே மிகமிகப் பயன்படுவதுன்னுதான் அர்த்தம் மாமா. லினன் துணி இதோட நார். கிரிக்கெட் மட்டைக்குத் தடவறது இதோட எண்ணெய். என்னோட பத்து பன்னெண்டு செடியில ஒரு மட்டைக்குக்கூட எண்ணெய் தேறாதுங்கறது வேற விஷயம். காலைல ஏழு மணிக்கு டம்ளர் காப்பியோட மொட்டை மாடிக்குப் போனா அந்த நீலம் நிக்குது. எனக்கு அது போதும்.

உங்ககிட்ட கேக்கறது ஒண்ணே ஒண்ணு. எந்தச் செடியைப் பத்தி எழுதினாலும் எந்த ஊர், எந்த மாசம், பொழைச்சுதா செத்துதா, மூணையும் எழுதுங்க. வளர்க்காத செடியைப் பத்தி எழுதாதீங்க. இன்னொருத்தர் தொட்டியை விக்காம இருக்கட்டும்.

டிஸ்கி: ஆவடி நண்பருக்கு ஒரு பொட்டலம் விதை எடுத்து வச்சிருக்கேன். தொட்டியும் என்னோடதுதான் குடுக்கணும் போல.