முதலில் டயர், அப்புறம் பெயிண்ட்
ஜொகூரில் பெக்கான் நானாஸ் பக்கம் பழைய டூரிங் மோட்டார் வாங்கும் தம்பிகள் முதல் பணத்தைப் பெயிண்டில் கொட்டும்போது மனம் பதறுகிறது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 1812 என்றால் 2012-ஆம் ஆண்டின் 18-ஆவது வாரம் செய்தது. அவ்வளவு பழைய டயரில் பூ தேயாவிட்டாலும் ரப்பர் இறுகியிருக்கும். பொந்தியான் சாலை மழையில் அதை நம்பக்கூடாது. பிரேக் எண்ணெயும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். சூடேறினால் கொதித்து, அழுத்தும் லீவர் வெறுமனே உள்ளே போகும். அன்னாசி விளையும் இந்தச் சதுப்பு மண்ணில் ஈரத்துக்கா பஞ்சம்? பெட்ரோல் டாங்கிக்குள் துருவையும் பாருங்கள். இதற்கெல்லாம் முன்னால், இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் கிராண்டோடு, அதாவது வாகனப் பதிவுச் சான்றிதழோடு, ஒத்துப்போக வேண்டும். ஓர் இலக்கம் மாறினாலும் வாங்காதீர்கள், அது 1975-இல் வந்த முதல் ஹோண்டா கோல்ட்விங்காகவே இருந்தாலும்.